பகலில் கோடரி, இரவில் கரும்பலகை

ரொறன்ரோவுக்கு வடக்கே, மார்க்கத்தைத் தாண்டினால் ஸ்ரௌவ்வில். ஸ்காபரோவிலிருந்து வீடு விற்று வீடு வாங்கி வடக்கே நகர்ந்த தமிழ்க் குடும்பங்கள் வந்து சேர்ந்த ஊர்களில் அதுவும் ஒன்று. 1804இல் பென்சில்வேனியாவிலிருந்து குடும்பத்தோடு வந்து காணி திருத்திய ஆபிரகாம் ஸ்ரௌவரின் பெயர்தான் ஊருக்கு நிலைத்தது. அவர்கள் மெனனைற் சபையினர். வீட்டில் அவர்கள் பேசியது ஜெர்மன் மொழியின் ஒரு கிளைப்பேச்சு. அவர்களுக்குச் சில நூறு ஆண்டுகளுக்கு முன்னர் இதே மண்ணில் வென்டாற் மக்களின் பெரிய கிராமம் ஒன்று இருந்திருக்கிறது. அதன் எச்சங்களை இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அகழ்ந்தெடுத்தார்கள். ஆக, இந்த ஊரின் முதல் மொழியும் ஆங்கிலம் இல்லை, அடுத்து வந்த மொழியும் ஆங்கிலம் இல்லை.

1871இல் ரொறன்ரோவிலிருந்து ஸ்ரௌவ்வில் வழியாக அக்ஸ்பிரிட்ஜ் வரை அகலம் குறைந்த ஒரு ரயில்பாதை போட்டார்கள். இன்று அதே தடத்தில் ‘கோ’ ரயில் மவுன்ற் ஜோய், மார்க்கம், யூனியன்வில், மில்லிக்கன், அஜின்கோட், கென்னடி என்று இறங்கி யூனியன் நிலையத்துக்குப் போகிறது. அந்தத் தடத்தின் இரு பக்கமும் தேவாலயங்களின் நிலக்கீழ் அறைகளிலும், பள்ளிக்கூடங்களிலும், கடைத்தொகுதிகளின் மாடிகளிலும் வளர்ந்தவர்களுக்கான ஆங்கில வகுப்புகள் நடக்கின்றன. அங்கே கற்பிக்கிறவர்களுக்கு நூறாண்டைத் தாண்டிய ஒரு தொழில் வரலாறு உண்டு. கனடாவின் வரலாற்று நூல்களில் ரயில்பாதை போட்டவர்களுக்கு ஓர் அத்தியாயம் கிடைக்கிறது. அந்தத் தொழிலாளர்களுக்கு மொழி சொல்லிக்கொடுத்தவர்களுக்கு ஓர் அடிக்குறிப்புக் கிடைப்பதே அரிது. பெரிய குறை இது. குடியேறி வந்தவருக்கும் நாட்டுக்கும் நடுவே முதலில் நின்றவர் பெரும்பாலும் அந்த ஆசிரியர்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொறன்ரோவில் புதிதாக வந்து இறங்கியவர்கள் சேர்ந்த இடம் ‘வார்ட்’ எனப்பட்ட பகுதி. குயின், யங், கொலிஜ் வீதிகளுக்கும் யூனிவர்சிற்றி அவெனியூவுக்கும் இடைப்பட்ட நெருக்கமான சேரி அது. இன்று அந்த இடத்தில் நகர மண்டபமும் மருத்துவமனைகளும் நிற்கின்றன. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களும், இத்தாலியர்களும், சீனர்களும் அங்கே வாழ்ந்தார்கள். 1903இலிருந்து ஆளுக்கு 500 டொலர் தலைவரி கட்டித்தான் பெரும்பாலான சீனர்கள் நாட்டுக்குள் வர முடிந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் அழைக்க வசதியில்லாத அந்த ஆண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவை தேவாலயங்களின் ஞாயிறு வகுப்புகள். 1911இல் ‘சென்ற்ரல் நேபர்ஹுட் ஹவுஸ்’ என்ற சமூக நிலையம் வார்ட்டில் தொடங்கியது. பகலில் தையற்கூடத்திலும் பழவண்டியிலும் உழைத்தவர்கள் இரவில் மொழி கற்கக்கூடிய இடங்கள் இப்படி ஒவ்வொன்றாக உருவாகின.

அந்தக் காலத்து வகுப்பில் என்ன படித்தார்கள்? வை.எம்.சி.ஏ.க்காக பீட்டர் ராபர்ட்ஸ் என்பவர் அமைத்த பாடமுறை 1909இல் நூலாக வந்து வட அமெரிக்கா எங்கும் பரவியது. இலக்கணத்தை அது முன்னே வைக்கவில்லை. காலையில் கண்விழிப்பது, உடுப்புப் போடுவது, முகம் கழுவுவது, வேலைக்குக் கிளம்புவது என்று ஒரு நாளின் செயல்களை வரிசையாகச் சொல்லவைத்தது. ஆசிரியர் செய்துகாட்டுவார், வகுப்பு திரும்பச் சொல்லும். எழுத்து தெரியாதவரும் முதல் இரவிலேயே ஏதோ பேசிவிட்டுப் போகலாம். களைத்து வந்த உழைப்பாளியை மனதில் வைத்துச் செய்த முறை அது. இன்றைய வகுப்புகளிலும் அதன் சாயலைக் காணலாம்.

ஆனால் இந்தத் தொழிலின் பெரிய கதை நகருக்கு வெளியே நடந்தது.

அல்பிரட் பிற்ஸ்பற்றிக் நோவா ஸ்கோஷியாவில் பிறந்த பிரெஸ்பிற்றீரியன் போதகர். குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1899இல் ஒன்ராறியோவின் வடபகுதி மரம்வெட்டும் முகாம்களில் வாசிப்பறைகள் அமைக்கத் தொடங்கினார். குளிர்காலம் முழுவதும் காட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் தொழிலாளருக்குப் பத்திரிகையும் புத்தகமும் விளக்கும் ஒரு மேசையும் கிடைத்தால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் வாசிப்பறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பல்கலைக்கழக மாணவரை இருத்தினால் அவர் பகல் முழுவதும் சும்மா இருக்க வேண்டியிருந்தது. ஆட்கள் எல்லோரும் காட்டில் நிற்பார்கள். இரவில் திரும்பி வருகிறவர்களோ கை மிருதுவான அந்தப் படித்த பையனை அந்நியனாகப் பார்த்தார்கள். அங்கஸ் கிரே என்ற இளைஞர் தாமே கோடரியை எடுத்துக்கொண்டு பகலில் அவர்களோடு வேலைக்குப் போனார். இரவில் வகுப்பு நிறைந்தது.

பிற்ஸ்பற்றிக் அதையே தமது அமைப்பின் விதியாக்கினார். ‘தொழிலாளி-ஆசிரியர்’ என்ற வேலை அப்படித்தான் பிறந்தது. ரொறன்ரோ, குவீன்ஸ், மக்கில் போன்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் காட்டு முகாமுக்கும், சுரங்கத்துக்கும், ரயில்பாதை போடும் இடத்துக்கும் போவார்கள். மற்றத் தொழிலாளி செய்யும் அதே வேலையைச் செய்து கம்பனியிடம் அதே கூலியை வாங்குவார்கள். கற்பித்ததற்கு அமைப்பு கொடுத்தது சிறு தொகை. வகுப்பு நடந்த இடம் ஒரு கூடாரம், அல்லது பாதையோரம் ஒதுக்கிவிட்ட ரயில் சரக்குப் பெட்டி. ஒரு கரும்பலகை, சில பலகை வாங்குகள், மண்ணெண்ணெய் விளக்கு. எதிரில் உக்ரேனியர், இத்தாலியர், பின்லாந்துக்காரர், சுவீடன்காரர். கடிதம் எழுதித் தருவது, கூலிச் சீட்டில் கம்பனிக் கடை கழித்த தொகையைப் படித்துச் சொல்வது, தபாலில் ஊருக்குப் பணம் அனுப்ப உதவுவது என்று பாடத்துக்கு வெளியே இருந்த வேலைதான் அதிகம்.

இந்த வேலைக்குப் போனவர்களில் ஒருவர் நோர்மன் பெத்யூன். ரொறன்ரோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, 1911இல் படிப்பை நிறுத்திவைத்துவிட்டு வைற்பிஷ் பகுதியின் மரம்வெட்டும் முகாமுக்கு ஆசிரியராகப் போனார். பின்னாளில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் நடமாடும் இரத்த வங்கி நடத்தி, சீனாவின் போர்முனையில் காயப்பட்டவர்களுக்குச் சத்திரசிகிச்சை செய்து, 1939இல் அங்கேயே இறந்து, சீனப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பெயரானவர் அவர். குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற பெஞ்சமின் ஸ்பொக்கும் 1920களில் மேற்குக் கனடாவில் இந்த வேலையைச் செய்தவர்.

1919இல் அமைப்பு ‘புரொன்ரியர் கொலிஜ்’ என்று பெயர் மாறியது. அதே ஆண்டு பிற்ஸ்பற்றிக் ரொறன்ரோவில் வெளியிட்ட ‘புதிய கனடியர்களுக்கான கைநூல்’ ஆங்கிலப் பாடங்களோடு நாட்டின் புவியியல், வரலாறு, அரசாங்கம், குடியுரிமை பெறும் வழி எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது. கற்பவர் உழைப்பாளி என்பதை அதன் பாடங்கள் மறக்கவில்லை. நல்ல கனடியர் எப்படி நடக்க வேண்டும் என்று வந்தவருக்குச் சொல்லும் குரலும் அதில் கலந்திருக்கிறது. பிற்ஸ்பற்றிக்கின் துணிவை மெச்சுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விடக்கூடாது. தம் காலத்தின் இனப் பார்வையிலிருந்து அவர் முழுதாக விடுபட்டவர் அல்ல. அவருக்குப் பின் அமைப்பை நடத்திய எட்மண்ட் பிராட்வின் 1928இல் வெளியிட்ட ‘பங்க்ஹவுஸ் மான்’ என்ற ஆய்வு நூல், 1903 முதல் 1914 வரையான முகாம்களில் ஆட்கள் எப்படி இரு வகுப்பாகப் பிரிந்திருந்தார்கள் என்று விவரிக்கிறது. ‘வெள்ளையர்’ ஒரு பக்கம், ‘அந்நியர்’ மறு பக்கம். ஸ்லாவ் மக்களும் இத்தாலியரும் அன்று அந்நியர் பட்டியலில் இருந்தார்கள். கூலியும் படுக்கையும் அந்தப் பிரிவின்படி. பிராட்வின் அதைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதவில்லை. அவரும் தொழிலாளி-ஆசிரியராக அந்த முகாம்களில் இருந்தவர்.

பிற்ஸ்பற்றிக்கின் கனவு இன்னும் பெரியது. உழைக்கும் மனிதன் உழைக்கும் இடத்திலேயே பட்டம் பெற வேண்டும் என்று வாதாடி, 1922இல் பட்டம் வழங்கும் உரிமையை மத்திய அரசிடம் வாங்கினார். மாகாணங்களும் பல்கலைக்கழகங்களும் எதிர்த்தன. 1930களின் தொடக்கத்தில் அந்த உரிமையைக் கைவிட வேண்டியதாயிற்று. 1933இல் விலகினார், 1936இல் இறந்தார். தொழிலாளி-ஆசிரியர் வேலை மட்டும் அவருக்குப் பின்னும் பல தலைமுறை நீடித்தது. தாம் கற்பிக்கிறவரின் வாழ்க்கையை ஆசிரியர் தாமும் வாழ்ந்து பார்க்க வேண்டும் என்ற விதியைக் கனடாவின் வேறெந்தக் கல்வி நிறுவனமும் இவ்வளவு நேராகக் கைக்கொண்டதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ரொறன்ரோவைக் கட்டி எழுப்பியவர்கள் பெரும்பாலும் இத்தாலியர்கள். 1960 மார்ச் 17ஆம் தேதி, நகரின் வடக்கே ஹொக்ஸ் ஹொலோவில் ஆற்றுக்கு அடியில் தண்ணீர்க் குழாய்ச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஐந்து இத்தாலியத் தொழிலாளர்கள் தீயிலும் புகையிலும் சிக்கி இறந்தார்கள். ஒன்ராறியோவின் தொழிற்பாதுகாப்புச் சட்டங்கள் அதற்குப் பிறகே திருந்தின. புதிதாக வந்தவர்கள் தங்கள் தொழிலையும் உரிமையையும் ஆங்கிலத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் இத்தாலியச் சமூகத்துக்குள் வலுத்த காலம் அது. 1962இல் ‘கோஸ்ரி’ தொடங்கியது. தொழிற்பயிற்சியும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ். இத்தாலியர்களுக்காகத் தொடங்கிய அந்த நிறுவனம் இன்று யோர்க் பிராந்தியத்தின் வரவேற்பு நிலையங்களை நடத்தும் அமைப்புகளில் ஒன்று. மார்க்கத்திலும் ரிச்மண்ட் ஹில்லிலும் வந்து இறங்கும் தமிழரும் சீனரும் ஈரானியரும் அந்த வாசலால்தான் உள்ளே போகிறார்கள்.

பிள்ளைகளின் கதை வேறு. 1965இல் ரொறன்ரோ கல்விச் சபை மெயின் ஸ்ரீற்றில் புதிதாக வந்த மாணவர்களுக்கென்றே ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. மொழி தெரியாத பிள்ளையை வயதுக்குக் குறைந்த வகுப்பில் போட்டுவிட்டுத் தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று இருந்த வழக்கத்தை அங்குள்ள ஆசிரியர்கள் மாற்றப் பார்த்தார்கள். 1977இல் ஒன்ராறியோ அரசு மரபுமொழித் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரொறன்ரோவில் தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அரசு செலவில் தமிழ் படித்தது இந்தத் திட்டத்தின் கீழ்தான். கிழமை நாளில் தாய் ஆங்கிலம் படிக்கும் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை பிள்ளை தமிழ் படிப்பது ஸ்காபரோவில் சாதாரணமாயிற்று.

தாய்மாரின் நிலைமை நீண்ட காலம் மோசமாக இருந்தது. மத்திய அரசு பணம் கொடுத்த மொழிப் பயிற்சி பெரும்பாலும் ‘வேலைக்குப் போகப் போகிறவர்’ என்று குறிக்கப்பட்டவர்களுக்கே. அந்தக் குறி குடும்பத் தலைவரான கணவருக்கு விழும். மனைவி வீட்டில் இருப்பவர் என்று பதிவார்கள். ஆனால் அந்த மனைவி அடுத்த மாதமே ஸ்பதைனா வீதித் தையல் தொழிற்சாலையிலோ, கட்டடம் துப்புரவாக்கும் வேலையிலோ இருப்பார். ஆங்கிலம் தேவைப்படாத வேலை என்று சொல்லப்பட்ட அந்த வேலைகளில் வருடக்கணக்கில் நின்றுவிட்டவர்கள் அவர்கள். இதைக் கேள்விக்கு உட்படுத்திய ஆசிரியர்களும் இதே நகரில்தான் இருந்தார்கள். டெபோரா பார்ன்ற்றும் அவரது தோழியரும் பிரேசிலின் பாவ்லோ பிரெய்ரேயின் கல்விச் சிந்தனையை ரொறன்ரோவின் ஆங்கில வகுப்புக்குள் கொண்டுவந்தார்கள். குடியேறிய பெண்கள் தங்கள் வேலைத்தலத்தையும் பேருந்துப் பயணத்தையும் வீட்டையும் படம்பிடித்துக் கதையாக்கினார்கள். அந்தக் கதையே பாடநூலாயிற்று. 1982இல் வந்த ‘கெற்றிங் தெயர்’ என்ற நூல் அந்த முயற்சியின் பதிவு. சம்பளம் குறைத்த முதலாளியிடம் எப்படிக் கதைப்பது என்பதும் ஆங்கிலப் பாடம்தான் என்று அவர்கள் காட்டினார்கள். அரசின் பாடத்திட்டங்கள் அவ்வளவு தூரம் போனதில்லை.

ஈழத்தமிழர் இந்தக் கதைக்குள் நுழைந்தபோது அவர்கள் ஆங்கிலத்துக்குப் புதியவர்களாக வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் ஆங்கிலக் கல்விக்கும் உள்ள உறவு ரொறன்ரோ ஒரு நகரமாவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1816இல் வந்த அமெரிக்க மிசனரிகள் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினார்கள். தமிழோடு ஆங்கிலமும் கணிதமும் வானியலும் கற்பித்த அந்த நிறுவனத்தை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிட்டுப் பாராட்டினார் பிரித்தானிய அதிகாரி எமர்சன் ரெனன்ற். 1855இல் மிசனின் அமெரிக்கத் தலைமை அதை மூடியது. ஆங்கிலம் படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் உத்தியோகத்துக்குப் போய்விடுகிறார்கள் என்ற கவலை அதற்கொரு காரணம். அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் சில ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளானார்கள். தாமோதரம்பிள்ளை ஏடுகளிலிருந்து தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சுக்குக் கொண்டுவந்தது எல்லோரும் அறிந்தது.

அதன் பிறகு ஆங்கிலம் யாழ்ப்பாணத்தின் ஏற்றுமதிப் பொருளாயிற்று. எழுதுவினைஞர்களும் புகையிரத நிலைய அதிபர்களும் ஆசிரியர்களும் மலாயாவுக்குப் போனார்கள். 1970களில் இன்னொரு அலை. நைஜீரியா, சாம்பியா, எத்தியோப்பியா போன்ற நாடுகள் பள்ளிகளைப் பெருக்கியபோது ஆசிரியர் பற்றாக்குறையை நிரப்பப் போனவர்களில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் கணிசமானோர். இரு வருட ஒப்பந்தம், ஊருக்கு அனுப்பும் காசு, பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பது என்ற யோசனை. அவர்களில் பலருக்கு ஆபிரிக்காவிலிருந்து திரும்பிப் போக ஊர் இல்லாமல் போனது. லண்டனும் ரொறன்ரோவும் அடுத்த தரிப்பிடங்கள் ஆயின.

இதற்கிடையில் ஊரில் நிலைமை தலைகீழாகியிருந்தது. 1945இலிருந்து இலங்கையின் ஆரம்ப வகுப்புகள் தாய்மொழிக்கு மாறின. 1950களில் மேல்வகுப்புகளும் மாறின. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். தாய்மொழிக் கல்வி ஏழைப் பிள்ளைக்குக் கதவு திறந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் 1983இல் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறைக்குப் பிறகு நாட்டைவிட்டு ஓடிய தலைமுறை தமிழ்மொழி மூலம் படித்த தலைமுறை. தாத்தா மலாயாவில் ஆங்கிலத்தில் கணக்கெழுதியவர். பேரன் ரொறன்ரோ விமான நிலையத்தில் பெயரும் பிறந்த தேதியும் சொல்லத் தடுமாறினான்.

அந்தத் தலைமுறை ஊரில் எப்படி ஆங்கிலம் படித்தது என்பதற்கு நேர்ச் சாட்சி சுரேஷ் கனகராஜா. 1984 முதல் பத்து ஆண்டுகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். போர், மின்சாரம் இல்லை, காகிதத் தட்டுப்பாடு. மாணவர் கையில் இருந்ததோ அமெரிக்க நகர வாழ்க்கையைப் பேசும் ‘அமெரிக்கன் கேர்னல் லெசன்ஸ்’ என்ற பாடநூல். அந்தப் புத்தகங்களின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கிவைத்ததை அவர் பிறகு ஆராய்ந்தார். அமெரிக்கப் பாத்திரங்களுக்குத் தமிழ் உடையும் சினிமாவும் காதலும் போராட்டமும் ஏறியிருந்தன. வகுப்பில் தலையாட்டிக்கொண்டிருந்தவர்கள் பக்க ஓரத்தில் அந்தப் பாடத்தோடு சண்டை பிடித்திருந்தார்கள். 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அவரது நூல் இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படுகிறது. ரொறன்ரோவில் ஒரு வகுப்பறைக்குள் நுழையும் கனடிய ஆசிரியர், யாழ்ப்பாணத்து மாணவரின் கிறுக்கலைப் பற்றிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். இந்தத் தொழில் வரலாற்றில் யாழ்ப்பாணத்தின் ஆழமான பங்களிப்பு அது.

1983 யூலைக்குப் பின் ரொறன்ரோ வந்த தமிழர் முதலில் கூடியது வெல்லெஸ்லி, பார்லிமென்ற் வீதிகளை ஒட்டிய சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டடங்களில். 1985 ஏப்ரலில் ‘சிங்’ வழக்கில் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு அகதிக் கோரிக்கையாளருக்கும் நேரில் வாய்திறந்து வழக்குச் சொல்ல உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 1986 ஓகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களை மீனவர்கள் மீட்டார்கள். நேரில் வாய்திறக்கும் உரிமை கிடைத்தது, மொழிபெயர்ப்பாளரும் கிடைத்தார். தீர்ப்பு வரும்வரை வாழ வேண்டிய நாட்களுக்குத்தான் மொழி இல்லை. இரவில் உணவகத்தில் கோப்பை கழுவி, அல்லது தொழிற்சாலையில் நின்று, காலையில் கல்விச் சபையின் ஆங்கில வகுப்புக்கு வந்து தூங்கி வழிந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அகதிக் கோரிக்கை முடிவாகாதவர்களுக்கு மாகாணப் பணத்தில் நடந்த கல்விச் சபை வகுப்புகள் திறந்திருந்தன. பின்னர் வந்த மத்திய அரசின் ‘லிங்க்’ வகுப்புகளுக்கோ நிரந்தர வதிவுரிமையோ ஏற்றுக்கொள்ளப்பட்ட அகதி நிலையோ வேண்டும். எந்த வகுப்பு என்பதை வழக்கின் நிலை முடிவுசெய்தது.

1978இல் தொடங்கப்பட்ட கனடா தமிழீழச் சங்கம் போன்ற சமூக அமைப்புகள் குடியேற்ற உதவியோடு ஆங்கில வகுப்புகளையும் நடத்தின. கிராமத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா, கணவனைப் போரில் இழந்த ஓர் இளம் பெண், எந்திரவியல் படித்த ஓர் இளைஞன் மூவரும் ஒரே வாங்கில். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று கனடிய ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் அம்மா ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்.

ஊரில் இருபது முப்பது வருடம் ஆங்கிலம் கற்பித்துவிட்டு வந்த ஆசிரியர்களுக்கு இந்த நகரம் வேறொரு முகத்தைக் காட்டியது. ஒன்ராறியோவின் அரசுப் பாடசாலைகளில் கற்பிக்க மாகாணச் சான்றிதழ் வேண்டும். 1997இலிருந்து அதைக் கொடுப்பது ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி. போரில் எரிந்த அல்லது விட்டுவந்த சான்றிதழ்களை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து நேரடியாக வரவழைக்கும் நிபந்தனை ஒருவரைத் தளர்த்தப் போதுமானது. பலர் காவலாளியாகவும் எரிபொருள் நிலையத்திலும் வேலை செய்தார்கள். மாலையில் அயலவர் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த ரியூசன் பணம் எந்தக் கணக்கிலும் வராதது. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்பிப்பவர்களின் ஒன்ராறியோச் சங்கம் 1972இல் உருவாகித் தனிச் சான்றிதழ் முறையை வளர்த்திருந்தது. மீண்டும் பயிற்சி வகுப்பில் மாணவராக உட்கார மனமும் பணமும் இருந்தவர்கள் அந்த வழியால் பெரியவர்களுக்கான வகுப்புகளுக்குள் ஆசிரியராக நுழைந்தார்கள்.

உயர்கல்வியின் வழியால் வகுப்பறைக்குத் திரும்பியவர் செல்வா கனகநாயகம். தமிழ் இலக்கிய வரலாறு எழுதிய பேராசிரியர் வி. செல்வநாயகத்தின் மகன். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பேராசிரியரானார். கனடிய மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பித்துக்கொண்டே ஈழத்துத் தமிழ் எழுத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனார். 2001இல் வெளிவந்த ‘லூற்சோங் அன்ட் லமென்ற்’ தொகுப்பு அந்த வேலையின் முக்கியமான பலன். 2006இல் ரொறன்ரோவில் தமிழியல் மாநாடு தொடங்கியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2014 நவம்பரில், கனடாவின் ரோயல் சொசைற்றியில் சேர்க்கப்பட்ட அதே நாட்களில், கியூபெக் நகரில் காலமானார்.

‘லிங்க்’ திட்டம் 1992இல் வந்தபோது பழைய அநீதி ஒன்று ஓரளவு நீங்கியது. வேலைக்குப் போகிறவர், வீட்டிலிருப்பவர் என்ற பிரிவு போனது. பல இடங்களில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறையும் வந்தது. தமிழ்த் தாய்மாரில் பலர் பகலில் வகுப்புக்கு வர முடிந்தது அந்த அறையால்தான். 1996இல் கனடிய மொழி அளவுகோல் என்ற 12 படிநிலைகள் வந்தன. மருத்துவரிடம் நோயைச் சொல்வது, வீட்டு உரிமையாளருக்குக் கடிதம் எழுதுவது, அவசர உதவிக்கு 911ஐ அழைப்பது என்று ஒவ்வொரு நிலைக்கும் செய்யக்கூடிய காரியங்கள் பட்டியலாயின.

2012இலிருந்து இந்த எண்களுக்குப் பெரும் கனம் ஏறியது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கிறவர் கேட்பதிலும் பேசுவதிலும் நான்காம் நிலையை எட்டியதற்குச் சான்று காட்ட வேண்டும். இன்று அது 18 முதல் 54 வயது வரையானவர்களுக்கு. லிங்க் வகுப்பின் சான்றிதழும் அதற்கு ஏற்கப்படும். அதனால் ஒரு மாணவரின் கடவுச்சீட்டும் வாக்கும் ஒரு பகுதி ஆசிரியரின் மதிப்பீட்டில் தங்கியிருக்கின்றன. இந்தப் பொறுப்புக்கு ஏற்ற நிலை ஆசிரியருக்குக் கிடைக்கவில்லை. பெரும்பாலான வேலைகள் மணித்தியாலச் சம்பளம். மத்திய அரசின் நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று மார்ச் மாதம் முழுவதும் காத்திருப்பவர்கள் ஏராளம்.

வேலை நாள் எப்படி இருக்கும்? எந்தக் கிழமையும் புதியவர் ஒருவர் வந்து சேரலாம். அதனால் பாடம் ஒருபோதும் ஒரே சீராக ஓடாது. மூன்று மாதம் படித்தவரும் நேற்று வந்தவரும் பக்கத்தில் பக்கத்தில். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு. செய்து முடித்த பயிற்சி, மதிப்பீடு, திருத்தம் எல்லாம் அதற்குள் போக வேண்டும். 2014 முதல் நாடெங்கும் விரிந்த இந்தக் கோப்புமுறை வீட்டுக்குக் கொண்டுபோகும் சம்பளமில்லா வேலையைப் பெருக்கியது என்பது ஆசிரியர்கள் தொடர்ந்து சொல்லிவரும் முறைப்பாடு. வகுப்பு முடிந்த பின் ஒருவர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டுவார், இன்னொருவர் பிள்ளையின் பாடசாலை அனுப்பிய கடிதத்தை. முகாமில் கூலிச் சீட்டைப் படித்துச் சொன்ன அந்த இளைஞர்களின் வேலை ஆசிரியரின் மேசையைவிட்டு இன்னும் போகவில்லை.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தபோது எல்லோரும் கணினித் திரைக்கு மாறினார்கள். எழுத்தறிவே இப்போதுதான் பெறுகிற மாணவர்களுக்கு அது கடுமையான காலம். கைக்குழந்தை உள்ள தாய்மாருக்கும் குளிரில் இரண்டு பேருந்து மாற வேண்டியவர்களுக்கும் அதுவே வசதியாகவும் அமைந்தது. பல வகுப்புகள் இன்றும் அப்படியே தொடர்கின்றன. யோர்க் பிராந்தியத்தில் வீடுகள் பரந்து கிடக்க, பேருந்து அரிதாக வரும் ஸ்ரௌவ்வில் போன்ற ஊரில் அந்த வேறுபாடு பெரிது.

2024 ஒக்ரோபரில் மத்திய அரசு குடிவரவு இலக்கைக் குறைத்தது. 2025க்கு 5,00,000 என்று முன்னர் திட்டமிட்டிருந்த எண்ணிக்கை 3,95,000 ஆயிற்று. குடியேற்ற சேவைகளுக்கான பணமும் சுருங்கியது. நாட்டின் பல இடங்களில் லிங்க் வகுப்புகள் மூடப்பட்டு ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். வருகிறவர் தொகை குறைந்தால் கற்கிறவர் தொகையும் உடனே குறையும் என்ற கணக்கு பிழையானது. பத்து வருடத்துக்கு முன் வந்து, பிள்ளை வளர்த்து, இரண்டு வேலை செய்து, இப்போதுதான் வகுப்புக்கு நேரம் கிடைத்தவர்கள் இந்த நகரில் நிறையப் பேர். வகுப்பில் இடம் கிடைக்காதவர்களுக்கு நூலகங்களின் ஆங்கில உரையாடல் வட்டங்கள் இருக்கின்றன. ஓர் உரையாடலைத் தொடங்கிவைக்க ஒருவர், சுற்றிவரக் கதிரைகள், கதைக்க ஒரு தலைப்பு. கூச்சம் போகவும் நாக்குப் பழகவும் அவை உண்மையாகவே உதவுகின்றன. நான்காம் நிலைச் சான்றிதழை மட்டும் அங்கே பெற முடியாது.